வெல்லத் தக்கை

ஜீப்பை என் வீட்டு வாசலில் நிறுத்தாமல் பிள்ளையார் கோயில் ஓரமாக நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், மேடம். எதிர்வீட்டுக்காரி காய்ந்த துண்டையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருக்கிறாள், பாருங்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. காதில் வந்து விழுவதை என்ன செய்ய முடியும்?

பக்கத்து வீட்டுச் சுகுமார் படகு கட்டியதும் அப்படி என் காதில் விழுந்ததுதான். அவன் பைக் ஷோரூமில் கணக்கு பார்க்கிறவன். சாமி படம் மாட்ட ஆணி அடித்தால் சுவரில் பாதி கையோடு வந்துவிடும். போன மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மீட்புப் படகு மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டது. அவன் மனைவி கிறிஸ்டினாவுக்கு அப்போது நிறைமாதம். அடுத்த மழைக்கு யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தானாம். அதற்குப் பாய்மரம் எதற்கு என்று நானும் கேட்டேன். வீடியோவில் பார்த்தானாம்.

போர்ட்டிகோவில் ஸ்கூட்டரை வெளியே தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்தான். பிளைவுட் பலகைகளில் ஓட்டை போட்டு, ஜாக்கெட் தைப்பதுபோலச் செம்புக் கம்பியால் சேர்த்துத் தைத்தான். தையல் மேல் பிசின். முதல் தடவை கலந்த பிசின் வாளியிலேயே கல்லாகிவிட்டது. நடுவில் பிரஷ், கேக்கில் மெழுகுவத்தி மாதிரி. தெரு முழுக்கச் சிரித்தது. அந்தக் கதையைப் பரப்பியது நான் என்கிறார்கள். பாய்க்கு, குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனரையே வெட்டிக்கொண்டான். கம்பத்தில் ஏற்றினால் குழந்தை பல்லில்லாமல் சிரிக்கும்.

"என்ன சுகுமாரு, கப்பல் எப்பக் கிளம்புது?" என்று காம்பவுண்டுக்கு இப்பால் இருந்து கேட்டேன்.

"சிரிச்சிக்கினே இருங்கக்கா. மழை வரட்டும், ஏத்திக்கோன்னு ஃபர்ஸ்ட்டு நீங்கதான் கை தூக்குவீங்க."

"மொதல்ல அது உன்ன ஏத்திக்குதான்னு பாரு."

"ஏரியில ஓட்டிப் பாத்துடறேன். உங்க வூட்டுப் பின்னாடிதான் காத்து நல்லா கீது. ஜன்னலாண்ட வந்து சவுண்டு குடுக்குறேன், டீ போட்டு வைங்கக்கா."

சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

வாசல் பக்கத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை, அங்கே நான் இருக்கிறேன். பின்சுவர் நேராக ஏரியில் இறங்குகிறது. அந்தப் பக்கம் ஒரே ஜன்னல். ஆகாயத்தாமரையும் நாமக்கோழியும் தவிர எட்டிப் பார்க்க ஆளில்லை. அதனால் திறந்தே வைத்திருப்பேன். அவருக்குக் காற்று வேண்டுமல்லவா.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், அரிகிருஷ்ணன். அவர் ஷார்ஜாவில் இருப்பது தெருவுக்கே தெரியும், நான்தான் சொன்னேன். இருந்தார். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரு கதவடைத்துக் கிடந்த ஒரு மழை நாளில் கூட்டி வந்தேன். பேச்சு இல்லை. உடுத்ததை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடப் பார்ப்பார். அதனால் காலில் கயிறு. நைலான் இல்லை, மேடம், பருத்திக் கயிறுதான். புண்ணாகாது.

கோடி வீட்டுத் தீபாவின் அப்பாவுக்கும் இப்படித்தான் புத்தி பிசகியது. அவருக்கு 'வேட்டி விலாஸ்' என்று பெயர் விழுந்தது. வீட்டை விற்றுக்கொண்டு கூடுவாஞ்சேரி போனார்கள். சாமான் லாரி போய்ச் சேருமுன் அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. யார் வைத்தது என்று கேட்காதீர்கள். அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தாலே எனக்குச் சோறு இறங்காது.

படகை ஏரியில் விடும் நாளன்று, புது வண்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு பூசை போடச் சொன்னேன்.

"சக்கரமே இல்லையேக்கா, எலுமிச்சம்பழத்த எங்க வைக்கிறது?" என்றான்.

"ஜீசஸ் பாத்துப்பாரு," என்றாள் கிறிஸ்டினா. "இருந்தாலும் ஹேமாக்கா சொன்னா செஞ்சிடு. இல்லாங்காட்டி தெருவே பேசும்."

படகின் அடியில், உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்க ஒரு ஓட்டை வைத்திருந்தான். அதற்கு ஒரு தக்கை. முந்தின வாரம் எனக்குப் பெருமையாகக் காட்டியதுதான். சர்க்கரைப் பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்தில் கொஞ்சம் எடுத்துப் பாகு காய்ச்சி, அந்த அளவுக்கு உருட்டி வைத்திருந்தேன். நிறமும் தக்கை நிறம்தான். மஞ்சள் பூசுகிற சாக்கில் மாற்றிவிட்டு, மேலே குங்குமம் வைத்தேன். பொட்டு வைத்த இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

கரையோரத்திலேயே கரைந்துவிடும், அவன் நனைந்து வெட்கப்பட்டு இதோடு விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். பாகு கொஞ்சம் முற்றிவிட்டது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் கட்டிலுக்கடியில் ஒரு பார்சல் இருக்கிறது. சுகுமார் வீட்டில் ஆள் இல்லாதபோது அவர்கள் பார்சலை வாங்கி வைப்பது நான்தான். மிதவைச் சட்டை. பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை, டேப் தானாக விட்டிருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. கொடுக்க மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படகு ஆடாமலிருக்க மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கரையில் தெருவே கைதட்டியது. வளைவு தாண்டி மறைந்ததும் நான் பின்னறைக்கு ஓடினேன். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நகர்த்த முடியவில்லை. பாயில் அந்தக் குழந்தை சிரித்தபடி பெரிதாகிக்கொண்டே வந்தது. இவரும் சிரித்தார்.

"அண்ணே! ஷார்ஜாலேந்து எப்ப வந்தீங்க?"

இவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சுகுமார் என்னைப் பார்த்தான். "அக்கா, அண்ணனுக்கு இன்னாக்கா ஆச்சு?" நல்ல பிள்ளை, மெதுவாகத்தான் கேட்டான். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, தண்ணி வருதுக்கா. கயிறு இருந்தா போடுங்கக்கா."

இருந்தது. ஒரே கயிறு. அதை அவிழ்த்தால் இவர் வாசலுக்கு ஓடிவிடுவார். ஊரே வெளியில் நின்ற நாள் அது. இவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் நிற்கிறவரை அங்கேயே இருந்தேன். கிறிஸ்டினா குழந்தையோடு வந்து முதலில் விழுந்தது என் மடியில்தான்.

படகைக் கரையில் இழுத்துப் போட்டபோது, ஓட்டையைச் சுற்றி எறும்பு மொய்த்ததைக் கவனித்தது நீங்கள் ஒருவர்தான். எனக்கே தோன்றவில்லை. பின்னறையில் தட்டும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தது உங்கள் கான்ஸ்டபிள். வேறு யாரும் பார்க்கவில்லையே?

எல்லாம் நான் செய்ததுதான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆம்புலன்ஸ் மட்டும் சைரன் இல்லாமல் வரட்டும். அவருக்குச் சட்டை போட்டு, தலை சீவிவிடுகிறேன். ஜீப்பில் ஏறும்போது எதிர்வீட்டுக்காரி கேட்டால், அவர் ஷார்ஜாவிலிருந்து வருகிறார், ஏர்போர்ட்டுக்குப் போகிறேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், மேடம். இந்தத் தெருவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.