நரிக்கு வைத்த பேர்

— உட்கார மாட்டேன் அம்மணி. முதல்ல அந்த நரியோட பேரை மாத்துங்க.

— எந்த நரிங்க? எங்க படக்கதைப் பத்திரிகையில மூணு நரி ஓடுது.

— கோழி திருடுற நரி. ஓட்டைத் தொப்பி, சிவப்புக் கால்சட்டை. அவனுக்குப் போய்த் தெரென்ஸியோன்னு பேர் வச்சிருக்கீங்க.

— அமெரிக்காவுல அவனுக்கு வேற பேருங்க. அது நம்ம இத்தாலிப் பிள்ளைங்க வாயில நுழையாது. படத்தைத் தொடாம, பேரையும் பேச்சையும் நம்ம ஊருக்குத் தகுந்தாப்ல மாத்துறதுதான் என் வேலை. அங்க அவன் கடலை வெண்ணெய் திருடுவான். நான் அதை கொர்கொன்ஸோலா ஆக்கிட்டேன்.

— பாலாடைக்கட்டி திருடட்டும், யார் வேண்டாம்னா? என் பேர்ல ஏன் திருடணும்?

— உங்க பேரா?

— தெரென்ஸியோ பெல்லாத்தி. லொமெல்லினாவுல நெல் விவசாயம். இதுக்குன்னே வேலையை விட்டுட்டு மிலானுக்கு ரயில் ஏறி வந்திருக்கேன். எங்க குடும்பத்துல மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தான். எனக்கும் அப்படி வந்ததுதான் இது. ஞாயித்துக்கிழமை என் பேரனுக்கு ஞானஸ்நானம். மருமக என்னடான்னா, திருட்டு நரி பேரை என் பிள்ளைக்கு வைக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பேர் என்னோட போயிடும் அம்மணி. நினைச்சா சோறு இறங்கல.

— வேற என்ன பேர் வைக்கணுமாம்?

— ஜெரோலாமோ. அவ அப்பன் பேர்.

— சம்பந்தி என்ன சொல்றார்?

— அவரைக் குத்தம் சொல்ல முடியாது. தங்கமான மனுஷன். குழந்தைக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கன்னு ஒதுங்கிட்டார். ஒரு வருஷமா வாராவாரம் உங்க பத்திரிகையைக் கொண்டாந்து எங்க வீட்டு மேசையில வைக்கிறதே அவர்தான்.

— பாருங்க, மாத்துறது லேசு இல்ல. பிள்ளைங்க கடிதம் போட்டே என்னைக் கொன்னுடுவாங்க.

— அதுக்கும் வழி வச்சிருக்கேன். நரிக்கு ஜெரோலாமோன்னு வச்சிடுங்க.

— தங்கமான மனுஷன்னீங்களே.

— தங்கம்தான். அதுக்காகப் பேரனை விட்டுக் கொடுக்க முடியுமா? இந்தாங்க, வாத்துக்கறியில உப்புப் போட்டு அடைச்ச சலாமி. வீட்டுல செஞ்சது.

— வாசனை ஆளைத் தூக்குது. ஆனா பாருங்க, தெரென்ஸியோன்னு வச்சது நான் இல்ல. நரி வந்த புதுசுல, நல்ல பேரா சொல்லுங்கன்னு வாசகர்களுக்குப் போட்டி வச்சோம்.

— எந்தப் பொடிப்பய ஜெயிச்சான்? காதைத் திருகணும்.

— இருங்க, அந்தக் கடிதக் கட்டு இந்த அலமாரியிலதான் கிடக்கு. ஆங், இதோ. ஐயா, உங்க மகன் கல்யாணம் எப்ப நடந்துச்சு?

— போன வருஷம், ஏப்ரல் பதினெட்டு. எதுக்குக் கேக்கிறீங்க?

— இது ஏப்ரல் பத்தொம்பதுல எழுதியிருக்கு. பரிசு, ஒரு வருஷத்துக்கு இலவசப் பத்திரிகை. அனுப்பினவர் பேர் ஜெரோலாமோ, வயசு அறுபத்தி நாலு.