மேயரை லாயத்துக்கு அனுப்பிய எக்காளம்

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சுக்கு அஞ்சி இப்போதே கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட கேப்டன் மாண்டெகோ அவர்களே! ஆண்டவனிடம் எங்களுக்காக ஓயாமல் மனுப்போடும் அருட்திரு ஹேன்ஸ்பரோ அவர்களே! மெடலையும் மூட்டுவலியையும் ஒரே நெஞ்சுரத்தோடு சுமந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வீரர்களே! நாங்கள் பார்த்த போர்களைவிடப் பெரிய போர்களைச் சமையலறையிலேயே வென்று முடித்த தாய்மார்களே! கொல்லையில் பன்றி விலா சுட்டு, புகையில் கண்ணீர் வடிக்கும் சகோதரர்களே! உங்கள் அனைவரின் அடி பணிந்து வணங்குகிறேன், நான் லூதர் பெட்டிஃபோர்ட்.

என்ன அங்கே? "சுருக்கமாப் பேசுங்க" என்கிறதா அந்தக் குரல்? சுருக்கமாகத்தான் பேசுவேன். விலா எலும்பு வேகிற வரைக்கும் பேசுவேன்.

நண்பர்களே, கறுப்பின வீரர்களான நம்மைப்போல் நாட்டுக்காக நடந்தவர் உண்டா? நடந்த பின் நம்மைப்போல் மறக்கப்பட்டவர் உண்டா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் நம் பாட்டன்மார் வடக்குப் படையின் நீலச் சட்டை கேட்டார்கள். "உங்களுக்குச் சண்டை தெரியுமா?" என்று கேட்டு அதிகாரிகள் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். ஆள் குறைந்ததும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மறந்தார்கள். மேற்குச் சமவெளிக்குக் குதிரைப்படையாக அனுப்பினார்கள், மறந்தார்கள். கியூபாப் போரில் மலையேறச் சொன்னார்கள், ஏறியதும் மறந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில், முதல் உலகப் போரில், எங்கள் முறை வந்தது. மறுபடியும் அதே கேள்வி: "உங்களுக்குச் சண்டை தெரியுமா?" ஐயா, அறுபது வருடமாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்களே, பதிலை எங்கேயாவது எழுதி வைக்கக் கூடாதா?

கடைசியில் எங்கள் படையைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார்கள், பக்கத்து வீட்டுக்கு ஏணி இரவல் கொடுப்பதுபோல. பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சு சூப். அந்த சூப்பைக் குடித்தவனுக்கு ஜெர்மானியனிடம் என்ன பயம்? அந்த மண்ணில்தான் என் தோழன் ஹோரஸ் ஸ்வேன் விழுந்தான். இந்த ஆஷர் க்ரீக் ஊரிலிருந்து போன நம்மவரில் மூவர் திரும்பவில்லை. அவன் அதில் ஒருவன்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று. போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள் ஊர்வலம். முன்னால் மேயர் ஸ்டப்ஸ், நான்கு குதிரை பூட்டிய திறந்த வண்டியில். அடுத்து வண்டியில் வாத்தியக்குழு. அடுத்து வண்டி வண்டியாக வெள்ளைக்கார வீரர்கள். மொத்தம் நாற்பது குதிரைகள். குதிரைகளுக்குப் பின்னால்? நாம்! கால்நடையாக! நாற்பது குதிரைகள் வழியெங்கும் விட்டுப்போகும் மரியாதையை மிதிக்காமல், மெடல் குலுங்க, ஒரு தாண்டு, ஒரு குதி, ஒரு தாண்டு. பார்த்தவர்கள் நாட்டியம் என்று நினைத்தார்கள்.

சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள். ஆனால் இதையும் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்து மேடையில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். எந்தப் பிரிவு மேடை முன் வந்து நிற்கிறதோ, அந்தப் பிரிவின் பெயர்கள். அதுதான் ஊர் விதி. மேயர் 'முடிந்தது' என்று கைதட்டிவிட்டால் பட்டியல் மூடப்படும். நாங்கள் போய்ச் சேரும்போது நாற்காலியை மடித்துக்கொண்டிருப்பார்கள். நான்கு வருடம் அப்படி. நான்கு வருடமும் ஹோரஸின் தாய் கர்னீலியா ஸ்வேன் தன் மகன் பெயரைக் கேட்க வந்து, மடித்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த ஐந்தாம் வருடத்தோடு சிகாகோவில் உள்ள மகள் வீட்டுக்கே போகிறார். வெள்ளிக்கிழமை ரயில். இனி வரமாட்டார்.

எங்களை நடத்தியவர் சார்ஜென்ட் ஓபதையா டாலிவர். குதிரைப்படையில் இருபத்தேழு வருடம் எக்காளம் ஊதியவர். அறுபத்தாறு வயது. அவருக்கு முன்பல் இரண்டும் பொய்ப்பல். அன்று காலை அந்த இரண்டும் காணோம் என்றார். பல்லில்லாத எக்காளக்காரர், வாலில்லாத குரங்கு மாதிரி. நாங்கள் தலையில் கை வைத்தோம்.

பாதி வழியில் வரிசை கோணியது. எங்களோடு நடந்து வந்த திருமதி ஸ்வேன் கைத்தடியை ஊன்றி நின்றார்.

"ஓபதையா! நீ எக்காளக்காரனா, இல்ல தொப்பி மாட்டுற ஆணியா? இந்த வருஷமும் நாற்காலி மடிக்கிறதப் பாக்கவா என்னை நடக்க வெச்ச?"

"வரிசைய நிமித்துறேன், சிஸ்டர் ஸ்வேன். பல்லுதான் இல்ல. வர்றது வரட்டும்."

எக்காளத்தை எடுத்தார். ஊர்வல அதிகாரி குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார். "ஏய் பையா, ஊதாதே!"

பையா! அறுபத்தாறு வயது மனிதருக்கு!

சார்ஜென்ட் ஊத நினைத்தது 'நேராக நில்' என்கிற அழைப்பு. அப்படித்தான் அவர் பிறகு சொன்னார். வந்தது என்ன? தீனி அழைப்பு!

நண்பர்களே, அந்தக் குதிரைகள் யார்? பட்டாளக் கோட்டையிலிருந்து ஊருக்கு விற்கப்பட்ட பழைய குதிரைப்படைக் குதிரைகள்! பத்து வருடம் அந்த ஒரே ஊதலுக்குத்தான் ஓட்ஸ் தின்றவை. மேயரை மறக்கலாம், அதிகாரியை மறக்கலாம், ஓட்ஸை மறக்குமா? நாற்பது குதிரை, எண்பது காது, ஒரே நிமிர்வு! ஒரே திருப்பம்! ஒரே பாய்ச்சல்! லாயத்துச் சந்துக்குள் மேயர் போனார், முரசு போனது, பித்தளைக் குழல்கள் போயின. "பையா" என்று சொன்னவர் இரண்டாவது "பையா" சொல்ல வாய் திறந்தபடியே போனார்.

தூசி அடங்கியது. சாலை காலி. சார்ஜென்ட் எக்காளத்தைத் துடைத்தார்.

"லூதர், என்னடா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற? நட."

நடந்தோம். முதன்முறையாக முன்வரிசையில் நடந்தோம். மேடையில் குமாஸ்தா ஈவெரெட், ஒல்லியான மனிதர், விதி என்றால் உயிர். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்தவங்கள்லாம் எங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்க" என்றார் சார்ஜென்ட்.

விதி விதிதான். வந்து நின்ற பிரிவு நாங்கள்தான். அவர் கடைசித் தாளைப் புரட்டினார். "ஹோரஸ் ஸ்வேன். காலாட்படை. பிரான்சில் வீழ்ந்தார்."

கைத்தடியைத் தரையில் குத்தி, பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல், அந்தத் தாய் சொன்னார்: "உள்ளேன் ஐயா!"

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

மூன்று பெயரும் முடிந்ததும் குமாஸ்தா பட்டியலை மூடினார். சார்ஜென்ட் அசையவில்லை.

"மத்தவங்க பேரையும் படிங்க."

"அவங்க பிரிவு வரலையே."

"உசுரோட இருக்கறவந்தான் லாயத்துக்குப் போனான். செத்தவன் எங்கய்யா போனான்? படிங்க."

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பெயர்கள், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் விறைத்து நின்றோம். எந்தப் பெயரையும் எவனும் மறக்கக் கூடாது! மறக்கப்படுவது என்ன வலி என்று எங்களுக்குத் தெரியாதா? பதினேழாம் பெயரில் ஊர்வல அதிகாரி ஓடி வந்தார், தலையெல்லாம் வைக்கோல்.

"மிஸ்டர் டாலிவர்! குதிரைங்க தொட்டிய விட்டு அசைய மாட்டேங்குது. மேயர் எறங்க முடியாம மாட்டிக்கிட்டாரு. வந்து ஏதாவது ஊதுங்க, சார்!"

மிஸ்டர்! சார்!

"பேர் படிக்கிறப்ப பட்டாளத்துல யாரும் அசையக் கூடாது. இன்னும் இருபத்து நாலு பேர் இருக்கு. நீங்களும் நேரா நில்லுங்க."

நின்றார், வைக்கோலோடு.

மறுநாள் விசாரணை. "பல்லில்ல எஜமான், காத்து தப்பான பக்கம் போயிருச்சு" என்று சார்ஜென்ட் பொக்கை வாயைத் திறந்து காட்டினார். பல்லில்லாத வாயைத் தண்டிக்க எந்தச் சட்டம் இருக்கிறது? விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ரயிலடியில் எல்லாரும் கூடினோம். வண்டி நகரும் நேரம், திருமதி ஸ்வேன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ஓபதையா, காணாமப் போன பல்லு கெடைச்சுதா?"

சார்ஜென்ட் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மெதுவாகப் பிரித்தார். இரண்டு பல்! வாயில் மாட்டினார். எக்காளத்தை உதட்டில் வைத்தார். 'நேராக நில்'! ஒரு பிசிறில்லை, ஒரு பிழையில்லை! நாங்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்தோம். அந்தத் தாய் சிரித்த சிரிப்பு ரயில் வளைவில் மறையும்வரை கேட்டது.

கேப்டன் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். கொல்லையிலிருந்து வாசனையும் வருகிறது. முடித்துவிடுகிறேன். இன்று படையில் நம் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒரே கூடாரத்தில் குறட்டை விடுகிறார்கள். அந்த வரிசைக்கு வழி விட்டது சட்டம் என்பார்கள். சட்டமும்தான். ஆனால் சாணியைத் தாண்டித் தாண்டி நடந்த கால்களை மறவாதீர்கள்!

இதோ மேசைமேல் இருப்பது அந்த எக்காளம். இப்போது நான் தீனி அழைப்பு ஊதப் போகிறேன். யாரும் முண்டியடிக்க வேண்டாம். முன்வரிசைக் கனவான்கள் அப்படியே உட்காருங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்கள் எழுந்திருங்கள். இன்று நீங்கள்தான் முதலில் சாப்பிடப் போகிறீர்கள். பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்!