வாயத் தொறக்காம ஒரு சீசன்

ஊமைன்னு நெனச்சுட்டீங்களா? ஐயையோ, மன்னிச்சுக்கோங்கண்ணே. ஜன்னல் சீட்டு உன்னோடதாப்பான்னு நீங்க கேட்டப்ப தலைய மட்டும் ஆட்டினேன்ல, அது பழக்கதோஷம். நீங்களும் பாவம், முட்டைய உரிச்சு நீட்டி, சாப்பிடு சாப்பிடுன்னு சைகையிலயே காட்டுறீங்க. அதப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு, பின்னாடியே பேச்சும் வந்துருச்சு.

தொண்டையா? நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நாளா ஓட்டாம வெச்சிருந்த வண்டி மாதிரி கரகரங்குது, அவ்ளோதான்.

வேலையா... கம்ப்யூட்டர் கேம் ஆடுறேண்ணே. நெசமாத்தான், லீக்ல. அஞ்சு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம், எதிராளி கோட்டைய இடிக்கணும். ஓ, உங்க பையன் பாப்பானா? அப்ப வீட்டுக்குப் போய் கேளுங்க, நீலக்கொக்கு டீம்ல கூ போன்-ஜேன்னு ஒருத்தன தெரியுமான்னு, அதான் என் பேரு. யாருப்பா அதும்பான். ஹா-ராம தெரியுமான்னு கேளுங்க, சோபாவுல ஏறிக் குதிப்பான். அந்த ஹா-ராம் ஆட்டத்துல சாவாம பாத்துக்குறவன்தான் நான்.

அதோட இன்னொரு வேலையும் இருந்துச்சு. பேசுறது. எல்லாரும் காதுல ஹெட்போன் மாட்டியிருப்போம்ல, நான்தான் மைக்குல சொல்லிக்கிட்டே இருப்பேன். பின்வாங்கு, சுத்தி வா, இப்ப அடி, இப்ப வேணாம்னு. கேப்டன் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

பின்ன என்னாச்சா? வசந்தகாலம் பூரா தோத்தோம். ஒருநா எனக்குச் சளி புடிச்சு தொண்ட அடைச்சுக்கிச்சு, காத்துதான் வருது. எதுத்து நிக்கிறது போன வருஷ சாம்பியன். ஒரு வார்த்த பேசாம ஆடினேன். ஜெயிச்சுட்டோம்! கோச் பாங் வந்து என் தோள்ல கைய போட்டு, தம்பி, அடுத்த மேட்ச்லயும் பேசாத, சும்மா பாப்போம்னாரு. நானும் சிரிச்சுக்கிட்டே சரின்னேன். அதுலயும் ஜெயிச்சோம்.

இல்ல, அதுல நியாயம் இருக்குண்ணே, பொய் சொல்லக் கூடாது. ஹா-ராமுக்கு வெரலு மின்னல். நான் சொல்லட்டும்னு காத்திருந்ததுலதான் அவன் கொஞ்சம் பிந்திட்டு இருந்தான். அத நான் ஒத்துக்கிட்டேன். அதோட விட்டிருந்தா போதும். அடுத்த வாரம் என் மைக்க அணைச்சு வெச்சாங்க. அப்புறம், மேட்சுக்குப் போற வேன்லயும் பேச வேணாம், பேசினா ராசி போயிரும்னாங்க. அப்புறம் மேட்ச் அன்னைக்கு எந்திரிச்சதுல இருந்தே வேணாம்னாங்க. ஒருநா ஹா-ராம் என் கட்டில் ஓரத்துல வந்து உக்காந்து, அண்ணே, பயமா இருக்குண்ணே, மேட்சுக்கு மொதநாளும் பேசாதீங்களேன்னு அழுவுற மாதிரி கேக்குறான். பத்தொம்பது வயசுப் புள்ள. சரின்னு தலைய ஆட்டிட்டேன்.

சண்ட போட்டிருக்கலாமா? தோத்தாத்தானேண்ணே சண்ட போட முடியும்? ஜெயிச்சுக்கிட்டே இருந்தா யார்கிட்டப் போயி என்னன்னு சொல்றது? எல்லாரும் என்மேல அவ்ளோ அன்பா இருக்காங்க. நான் கேக்க முடியாதுன்னு என் தட்டுல எறச்சிய அவங்களே எடுத்து வெப்பாங்க. வேற டீமுக்கா? ஒப்பந்தம் அடுத்த வருஷக் கடைசி வரைக்கும். அதுக்கப்புறமும் வாயத் தொறக்காத கேப்டன எவன் கூப்புடுவான்? பட்டாளத்துலதான் கூப்புடுவாங்க, அதுக்கு எப்படியும் போய்த்தானே ஆகணும்.

சிரிங்க, பரவால்ல. எங்கம்மா கதையக் கேட்டா இன்னும் சிரிப்பீங்க. ஒவ்வொரு வாரமும் நாங்க ஆடுறப்ப பேசிக்கிட்டத லீக் நடத்துறவங்க துண்டு துண்டா வெட்டி நெட்டுல போடுவாங்க. அம்மா எங்க ஊரு யோசு மார்க்கெட்டுல நெத்திலி விக்கிறாங்க. போன காதுல வெச்சு அத முழுசாக் கேப்பாங்க. டேய், எல்லாரும் கத்துறாங்க, உன் சத்தத்தக் காணோமேடான்னாங்க. மைக் ரிப்பேரும்மான்னேன். அவ்ளோ பெரிய கம்பெனி, ஒரு மைக்கு வாங்கித் தர மாட்டாங்களான்னு மார்க்கெட்டே கேக்க சத்தம் போட்டாங்க. அப்புறம் ஒருநா ரொம்ப சந்தோஷமா கூப்புட்டாங்க. போன ஆட்டத்துல நடுவுல ஒருத்தன் இருமுனான் பாரு, அது நீதானே? நீதானேன்னு. யாரோட மைக்குலயோ என் இருமல் விழுந்திருக்கு. அத மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்காங்க.

ம்... அந்த முட்ட இன்னொண்ணு இருக்குமாண்ணே? காலைல சாப்பிடல.

செமி ஃபைனல்ல ஒண்ணு நடந்துச்சு. ஹா-ராமுக்குப் பின்னாடி புதருக்குள்ள மூணு பேர் வர்றது எனக்குத் தெரிஞ்சுது. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. திரும்புடான்னு ஒரு வார்த்த. நாக்கு நுனிக்கு வந்துருச்சு. உதட்டக் கடிச்சுக்கிட்டேன், ரத்தம் வந்துருச்சு. அவன் செத்தான். ஆனாலும் கடைசில ஜெயிச்சுட்டோம். எல்லாரும் ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சாங்க. கோச் என் நெத்தியில முத்தம் குடுக்குறாரு. ஒதட்டுல என்னடா ரத்தம்னு ஒருத்தரும் கேக்கல.

ஆமா, அது என் போன்தான் அதிருது. அடிக்கட்டும் விடுங்க.

ஏன் இப்ப பேசுறேனா? பெருசா ஒண்ணுமில்லண்ணே. காலைச் சாப்பாட்டுக்கு உக்காந்திருந்தோம். சமையக்கார அம்மா சூப்பு மண்சட்டிய அடுப்புல இருந்து அப்படியே கொண்டாந்து வெச்சாங்க, கொதிக்குது. ஹா-ராம் போனப் பாத்துக்கிட்டே அதத் தொடப் போறான். பாத்து, சுடும்னேன். அவ்ளோதான். அவன் கைய இழுத்துக்கிட்டான், மூஞ்சி வெளுத்துப் போச்சு. சுட்டிருந்தாக்கூட அப்படி வெளுத்திருக்காது. கோச் பாங் எந்திரிச்சு வந்து என் வாயப் பொத்துனாரு. அழுத்தியெல்லாம் இல்ல, கொழந்த வாயப் பொத்துற மாதிரி மெதுவாத்தான். பொத்துன கைய எடுக்காமயே மத்தவங்களப் பாத்து, யாருக்கும் ஒண்ணும் கேக்கலல்ல, இவன் பேசவே இல்ல, சரியான்னாரு. எல்லாரும் தலைய ஆட்டுறாங்க. ஹா-ராமும் ஆட்டுறான். நான் மூக்கால மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அவரு கைய எடுத்ததும் எந்திரிச்சு ஷூவ மாட்டுனேன். கடைக்குப் போறேன்னு நெனச்சிருப்பாங்க. எங்க போறன்னு கேட்டா நான் பதில் சொல்லிருவேனோன்னு பயந்து ஒருத்தரும் கேக்கல.

எந்தக் காலைலயா? இன்னைக்குத்தாண்ணே.

ஃபைனலா? அதுவும் இன்னைக்குத்தான், சாயங்காலம். ஏன் இப்படிப் பாக்குறீங்க? எனக்குப் பதிலா ஆட ஒரு பையன் இருக்கான், வருஷம் பூரா பெஞ்சுல காத்துக் கெடந்தவன். ஜெயிச்சாலும் ஜெயிப்பாங்க. என்னை என்ன பண்ணுவாங்கன்னு தெரியல. இனிமே எங்கயும் ஆட விட மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

அம்மா கடையில டிவி வாங்கி வெச்சிருக்காங்க, அக்கம்பக்கத்துக் கடைக்காரங்கள எல்லாம் கூப்புட்டிருக்காங்க. அவங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதுல என்னைத் தேடுறதுக்கு முன்னாடி போய்ச் சேந்துரணும். நீங்க சுன்சான்ல எறங்கிருவீங்கல்ல, அதுக்கப்புறம் யோசுக்கு எவ்ளோ நேரம் ஆகும்ணே?