பின்சக்கரத்துக்கு மேலே எழுதியிருந்த வரி

திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி வட்டம், கரையங்குடி கீழத்தெரு, கதவு எண் 3/41-இல் குடியிருக்கும், காலஞ்சென்ற காத்தமுத்து மகன் ரெத்தினம், வயது 70, ஆகிய நான், இன்று 14.02.2025 வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு யாரும் அழைக்காமல் காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் ஈஸ்வரி அம்மா அவர்கள் முன்னிலையில் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதுவார் என்று அம்மா சொன்னார்கள். நானே எழுதுவதாகக் கேட்டுத் தாள் வாங்கிக்கொண்டேன். தெரியாத சொல்லை ஏட்டு தனித்தாளில் எழுதிக் காட்ட, அதைப் பார்த்து எழுதுகிறேன்.

நான் முப்பது வருடம் பண்ணையில் மாட்டுவண்டி ஓட்டியவன். என் மகன் இளவழகன் ஒரு பிக்கப் வண்டி வைத்து, அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக் கொள்முதல் நிலையத்தில் சேர்க்கிறான். நானும் கூடப் போவேன். அறுவடை இயந்திரம் போய்வந்த பாதையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் கிடக்கும். வண்டியின் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் பாரத்தில் படிந்து நேராகிவிட்டதால் பள்ளத்துக்குப் பள்ளம் அடிவயிறு மண்ணில் இடித்தது.

ஆகையால் 03.02.2025 திங்கட்கிழமை காலை நானும் மகனும் வண்டியை முத்துப்பேட்டை சாலையில் சலாஹுதீன் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர் பதினோரு வருடம் வளைகுடா நாட்டில் மணலில் ஓடும் வண்டிகளுக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். என் மகன், "அரை அடி தூக்கிக் குடுங்க பாய், எந்தப் பள்ளத்துலயும் இடிக்கக் கூடாது" என்றான். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே, "அரை அடி தூக்குனா அது வண்டி இல்ல தம்பி, பரண். மூட்டையோட கவுந்துரும். ரெண்டு இஞ்சி போதும். வயல்ல போற வண்டி விறைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, வளைஞ்சு குடுக்கணும்" என்று சொன்னார். அதன் பிறகு படிந்த பட்டைகளைக் கழற்றி வளைவு ஏற்றி, ஒவ்வொரு பக்கமும் புதிதாக ஒரு பட்டை சேர்த்து, நான்கு சக்கரத்துக்கும் நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வேலையில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் மாலை மகன் மட்டும் போய் வண்டியை எடுத்து வந்தான். அதற்கு அடுத்த நாள் விடியலில் வயலுக்குப் போனோம். பனி தரையோடு படுத்திருந்தது. வரப்பு தெரியவில்லை, பாதை தெரியவில்லை. பள்ளம் வரும் இடம் எனக்கு மனப்பாடம் என்பதால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளம் வந்ததும் வண்டி மெல்ல அமிழ்ந்து மெல்ல எழுந்தது. இடி இல்லை. முத்துப்பேட்டைக் காயலில் தோணியில் போவது போல இருந்தது. அறுத்த வயலின் தாளடியில் நின்ற கொக்குகள் பறக்காமல் எங்களைப் பார்த்தன. எழுபது வருடத்தில் அந்தப் பாதையில் யாரும் உறங்கியதில்லை. நான் உறங்கினேன். கனவிலும் அதே வண்டிதான், ஆனால் சக்கரத்துக்குக் கீழே தரை இல்லை, பனி மட்டும் இருந்தது. மகன் தோளைத் தொட்டு, "அப்பா, எறங்குங்க, வயல் வந்துருச்சு" என்றபோது வந்துவிட்டோமே என்று வருத்தமாக இருந்தது.

அப்படி ஒரு வாரம் போனது. ஒரே ஒரு குறை, பாரம் ஏறியதும் பின்பட்டைகள் கிரீச் கிரீச் என்று கத்தின. மகன், "புதுசு, பத்து நாள் கத்தும், தானா அடங்கிரும்னு பாய் சொல்லியிருக்காரு" என்றான். வண்டி கத்தினால் ஓட்டுகிறவன் சோம்பேறி என்று பேசும் காலத்தில் வண்டி ஓட்டியவன் நான். எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.

அதன் பிறகு 12.02.2025 புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, மகன் எழுந்திருக்கும் முன்னால், விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து, மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மை செய்து, ஒரு புட்டியில் ஊற்றிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குனிந்தேன். அப்போது பின்சக்கரத்துக்கு மேலே, உட்பக்கத் தகட்டில், வெள்ளைப் பெயிண்டில் ஒரு வரி எழுதியிருந்ததைக் கண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆடி மாதம் முதல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் செம்மொழி டீச்சர் பெரியவர்களுக்கு மாலையில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். பதினான்கு பெண்களோடு நான் ஒரே ஆண். மார்கழியில் என் பெயரை எழுதினேன். பலகையில் டீச்சர் எழுதியதைப் படிப்பேன். பேருந்து நிற்பதற்குள் ஊர்ப் பெயரைப் படிப்பேன். ஆனால் யாரும் காட்டாமல், யாரும் பக்கத்தில் இல்லாமல், ஒரு முழு வரியை அதுவரை நான் படித்ததில்லை.

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். மூன்று சொல். முதல் தடவை திக்கியது. இரண்டாம் தடவை கொஞ்சம் கூடி வந்தது. மூன்றாம் தடவை நிறுத்தாமல் வந்தது. "எண்ணெய் விடக் கூடாது" என்று சத்தமாகவே சொன்னேன். தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை, பனிக்குள் ஒரு ஆடு மட்டும் நின்றது. அதற்கும் ஒரு தடவை படித்துக் காட்டினேன். நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு புட்டியைத் திறந்து பட்டைகளுக்கு இடையில் எண்ணெய் விட்டேன். சக்கரத்துக்குப் பின்னால் சிறிய துளை ஒன்று தெரிந்தது. அச்சுக்கு விடாமல் பட்டைக்கு மட்டும் விடுவது முறையல்ல என்று அதிலும் தாராளமாக விட்டேன். இரண்டு பக்கமும் விட்டேன். படிக்க முடிந்தது என்பதில்தான் என் மனம் இருந்தது. அந்த வரி என்னிடம்தான் பேசுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு எட்டு மணிக்கு மூட்டை ஏற்றினோம். பட்டை கத்தவில்லை. மகன், "பாய் சொன்ன மாதிரியே அடங்கிருச்சு பாருங்க" என்றான். நான் சிரித்துக்கொண்டேன், சொல்லவில்லை. எங்கள் தெரு தமிழரசன் மனைவி மலர்க்கொடி மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து வந்தாள். வாய்க்கால் கரை ஏற்றத்தில் கயிறு தளர்ந்ததால் மகன் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு இறங்கினான். நானும் இறங்கிக் கரையில் நின்றேன். வண்டி பின்னால் நகர்ந்தது. சத்தமே இல்லை. மூட்டைகளும், மேலே சிவப்புச் சேலையில் மலர்க்கொடியும், தண்ணீரை நோக்கி மெதுவாக, அவ்வளவு அழகாகப் போனதைப் பார்த்து, நான் மறுபடியும் கனவு காண்கிறேன் என்றே நினைத்தேன். அதனால் நான் கத்தவில்லை. "மாமா, வண்டி போவுது மாமா!" என்று அவள்தான் கத்தினாள். கத்திக்கொண்டே குதித்தாள். வண்டி வாய்க்காலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மலர்க்கொடிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

அன்று மாலை தமிழரசன், வண்டியை உயர்த்திக் கெடுத்தது சலாஹுதீன் பாய்தான் என்று புகார் கொடுத்தான். நேற்று காலை போலீசார் பாயை அழைத்து வந்தார்கள். பட்டறையைப் பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நேற்று இரவு வண்டியைத் துடைத்த மகன் விளக்கெண்ணெய் வாசம் பிடித்து, துளை வழியாகப் போன எண்ணெய் உள்ளே கைபிரேக் பிடிக்கும் இடத்தில் இறங்கி வழுக்குவதைக் கண்டு, என்னைக் கேட்டான். நான் ஒத்துக்கொண்டேன். அவன் துடைத்த துணியைப் பிழிந்து காயப் போட்டான். பிறகு, "எழுதியிருந்துச்சு, ஆனா எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லிருங்கப்பா. ஒங்கள கைநாட்டுன்னு ஊருக்கே தெரியும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். என் மேல் உள்ள பாசத்தில் சொன்னான். அதில் அவன் மேல் குற்றம் இல்லை.

நான் இரவு முழுவதும் அதை யோசித்தேன். படிக்கத் தெரியாது என்று சொன்னால் எனக்கு ஒன்றும் வராது. ஆனால் எழுதி வைத்தவர் எழுதியது வீணாகிவிடும், நான் படித்ததும் இல்லாமல் போய்விடும்.

இங்கே வந்தபோது பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வண்டியிலும் அந்த வரியை எழுதி வைப்பதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் பூரா மாட்டுவண்டி ஓட்டுன ஆளுங்கம்மா, எண்ணெய்ப் புட்டியோட வந்து நின்னுருவாங்க." நான் எழுதுவது என்னவென்று தெரிந்ததும் என்னையே பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இந்த எழுத்து முடிந்தால் அவர் போகலாம் என்று அம்மா சொன்னதால், அவர் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னிக்கி ஜும்ஆ தொழுகை பெரியவரே, கொஞ்சம் வெரசா எழுதுங்க" என்றார். சற்று நேரம் கழித்து என் கையைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நிதானமாவே எழுதுங்க" என்றார்.

மலர்க்கொடியின் கை முறிந்ததற்கு நானே காரணம். என் மகனும் சலாஹுதீன் பாயும் காரணம் அல்ல. எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எண்ணெய் விட்டேன். ஏட்டு மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்று மூடிவைத்தேன். எழுதியது அனைத்தையும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். இந்தத் தடவை அது என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டே படித்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள்.

(ஒப்பம்) கா. ரெத்தினம்