வைனைத் துப்பினவர்

மகன் கூட்டாளிகளோடு பிரான்ஸில் வைன் தோட்டங்கள் பார்க்க வாடகைக்கு வான் எடுத்துக்கொண்டு புறப்பட்டு இரண்டு நாளாகியும் போன் வரவில்லை. அந்தப் பயத்தோடுதான் லண்டனில் மனோர் பார்க் பஸ்ஸில் இருந்தேன். முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார்:

"பிரான்ஸிலை தோட்டத்திலை ருசி பார்க்கத் தந்த வைன் முழுக்கத் துப்பிப்போட்டன் தம்பி."

"அவ்வளவு தூரம் போய்த் துப்பினனீங்களோ அண்ணை?"

"நான்தானே வான் ஓட்டவேணும். சிநேகிதர் நாலு பேரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கேல்லை. துப்பிறதுக்கெண்டே அங்கை வாளி வைச்சிருக்கிறாங்கள். நான் கொப்பளிச்சுத் துப்பிறதைப் பார்த்துத் தோட்டக்காரன் என்னை வைனிலை விண்ணன் எண்டு நினைச்சிட்டான். எது திறமெண்டு என்னட்டைத்தான் கேட்டான்."

"என்ன சொன்னியள்?"

"கண்ணை மூடி யோசிச்சு, மூண்டாவது எண்டன். சந்தோசத்திலை ஒரு போத்தல் சும்மா தந்தான்."

"அதையாவது குடிச்சியளோ?"

"ஒரே புளிப்பு. மனிசி ஆட்டிறைச்சிக் கறிக்குள்ளை ஊத்திப்போட்டா."

இருவரும் இறங்கும்வரை சிரித்தார்கள்.

அன்று பின்னேரம் மகன் போன் எடுத்தான். சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை.

"உங்களுக்குள்ளை ஆரடா துப்பிறது?" என்றுதான் கேட்டேன்.