ஆன்ட்வெர்ப்பில் இருந்து வந்த தொட்டில்

லுவீசா: நாலு போல்ட் வேணும். கையில ரெண்டுதான் இருக்கு. துனியா, அந்தக் கம்பளத்தைத் தூக்கிப் பாரு.

துனியா: பார்த்துட்டேன் மதினி. தூசிதான் இருக்கு.

லுவீசா: சரி, நீ குனியாத. பிள்ளை பெத்த உடம்பு... நானே பார்க்கிறேன்.

துனியா: ரெண்டு போல்ட்ல இது நிக்காதுல்ல?

லுவீசா: எப்படி நிக்கும்? தொட்டில்னா நாலு மூலையும் இறுகணும். அதுவும் இது முன்பக்கச் சட்டம் ஏறி இறங்குற தினுசு. பெல்ஜியத்து மரம்டி. நம்ம நாடோர் ஊரு முழுக்கத் தேடினாலும் கிடைக்குமா?

துனியா: அங்கயே இப்ப கிடைக்காதாமே.

லுவீசா: யாரு சொன்னா?

துனியா: பிரசவ வார்டுல மருத்துவச்சி. பழைய தொட்டில் யாராவது கொடுத்தா முதல்ல பக்கம் இறங்குதான்னு பாரு, இறங்கினா வேண்டாம்னு சொல்லுன்னாங்க. கொக்கி தேய்ஞ்சு போனா சட்டம் ஒரு ஓரமா நழுவுமாம். அந்தச் சந்துல பிள்ளை...

லுவீசா: போதும், வாயை மூடு. பேர் வைக்கப் போற வீட்டுல என்ன பேச்சு இது?

துனியா: நான் வாயை மூடினா சந்து மூடிக்குமா?

லுவீசா: என் மூணு பிள்ளையும் இதுலதான் வளர்ந்துச்சு. மூணும் கழுதை கணக்கா நிக்குதுங்க பாரு.

துனியா: இந்த ஆரஞ்சு ஜூஸ் டின்னைப் பாருங்க மதினி. அழிக்கட்டைக்கு நடுவுல விடறேன். போகக் கூடாதுன்னாங்க மருத்துவச்சி, போனா பிள்ளை உடம்பும் நழுவிடுமாம்.

லுவீசா: விடு பார்ப்போம்.

துனியா: போயிடுச்சு. ஒரு பக்கமும் உரசாம போயிடுச்சு.

லுவீசா: குடிச்சு முடிச்ச டின், அதான்.

துனியா: காலியானா டின் மெலிஞ்சு போயிடுமா?

லுவீசா: ...அன்னைக்கு நல்லதுன்னு சொன்னதை இன்னைக்குக் கெட்டதுங்கிறாங்க. நாளைக்கு வேற சொல்லுவாங்க. எல்லாத்துக்கும் ஆட முடியுமா?

துனியா: முன்னாடி பெல்ஜியத்துல இருந்து வேன்ல பிள்ளைகளை மடியில வச்சுத்தானே கூட்டிட்டு வருவீங்க. இப்ப ஏன் தனித்தனி சீட்ல கட்டி வைக்கிறீங்க?

லுவீசா: கட்டலைன்னா அங்க போலீஸ்காரன் பிடிப்பான்.

துனியா: இங்க பிடிக்க ஆளில்ல. அதான் நான் பிடிக்கிறேன்.

லுவீசா: மெதுவாப் பேசுடி. அடுத்த அறையில அம்மா பிள்ளையை வச்சிருக்காங்க. மக ஐரோப்பாவுல இருந்து தொட்டில் கொண்டு வந்தான்னு தெரு பூரா சொல்லியாச்சு. பேர் வைக்கிற அன்னைக்கு வர்ற பொம்பளைங்க முதல்ல இதைத்தான் பார்ப்பாங்க.

துனியா: நம்ம ஆளுங்களுக்கு ஒரு சாமான் வேன் மேல இருந்து இறங்கினா போதும். ஓட்டைக் கெட்டில்னாலும் அது ஐரோப்பாக் கெட்டில்.

லுவீசா: உனக்கு வாய் ரொம்ப நீளம். முனீர் உன்னை எப்படித்தான்...

முனீர்: என்னக்கா, என் பேரு அடிபடுது? நான் சந்தைக்குப் போய் ஆடே வாங்கிட்டு வந்துட்டேன், நீங்க இன்னும் ஒரு தொட்டில் மாட்டலையா?

லுவீசா: ரெண்டு போல்ட் குறையுதுடா. இந்த அளவு இங்க கடையில கிடைக்காது. அலையாத.

முனீர்: அவ்வளவுதானா? வண்டியில கட்டுக்கம்பி கிடக்கு. நாலு சுத்து சுத்தி முறுக்கினா யானை படுத்தாலும் அசையாது.

துனியா: அப்ப யானையைப் படுக்க வைங்க. என் மக படுக்க மாட்டா.

முனீர்: அக்கா முகத்துக்கு நேரா என்ன பேச்சு இது? கப்பல் ஏத்தி எவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கா...

துனியா: மதினி கொண்டு வந்த மனசு எனக்குப் பெருசு. நான் வேண்டாங்கிறது கட்டையை. நீங்க கம்பியோட உள்ள வந்தீங்க, நான் பிள்ளையோட எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.

முனீர்: விருந்துக்கு ஊரையே கூப்பிட்டிருக்கு!

துனியா: ஊரு சாப்பிட்டுப் போகட்டும். ஆடு இங்கதானே இருக்கும்.

முனீர்: அக்கா, நீயாவது சொல்லேன்.

லுவீசா: கம்பி வேண்டாம்டா முனீர்.

முனீர்: நீயுமா?

துனியா: தேடாதீங்க மதினி, எழுந்திருங்க. போல்ட்டை எடுத்தது நான்தான். இந்தாங்க... இடுப்புக்கட்டுல செருகி வச்சிருந்தேன். மாட்ட முடியலைன்னா யாரும் யார்கிட்டயும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க வேண்டாம் பாருங்க.

முனீர்: அடிப் பாவி! சரி, இது ஒன்னு. இன்னொன்னையும் எடு.

துனியா: நான் எடுத்தது ஒன்னுதான். பிள்ளை மேல சத்தியமா.

முனீர்: குறையுறது ரெண்டாச்சே! அக்கா, நீ பையில நாலும் போட்டியா?

லுவீசா: கதவைச் சாத்து முதல்ல... அம்மா காதுல விழ வேண்டாம். அந்த இன்னொரு போல்ட்டைக் கடல்லதான்டா தேடணும். கப்பல் கிளம்பினதும் மேல்தட்டுல நின்னு நான்தான் வீசினேன். கடைக்குட்டி பிறந்தப்பவே நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்துட்டு, இதுல பிள்ளையைப் போடாதீங்கன்னுட்டாங்க. பழைய சாமான் கடைக்காரன் கூட எடுக்கல. தொட்டில் வேணும்னு நீ போன்ல கெஞ்சின, உன் மச்சான் வேன் மேல தூக்கிக் கட்டிட்டார்... குப்பைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கடைக்குட்டி என் அறையில புதுத் தொட்டில்லதான் தூங்கினான். இதுல தூங்கினதெல்லாம் துவைச்ச துணிதான்.