மாடிவீட்டுக்காரியின் கை

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நம் எலக்ட்ரீஷியனுடைய அக்காவுக்கு நடந்தது இது.

மாலை ஏழு மணி. பிஸ்கட் கம்பெனியின் பின்மதிலை ஒட்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் புதர். பேக்கிங் வேலை முடிந்து அக்கா தனியாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம். டப்... சரக்... டப்... சரக். ஒரு காலை இழுத்து இழுத்து. திரும்பினாள். ஆள் இல்லை. ஆஸ்பத்திரி சோப்பு வாசனை மட்டும்... குப்பென்று.

அந்த வாசனைக்காரியைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

மாடியில் குடியிருந்தவள். ஒண்டிக்கட்டை. ஒரு கால் சற்று இழுக்கும். இரவு வேலைக்குப் போய் விடியலில் வருவாள், யாரோடும் பேச்சு கிடையாது. அக்காவின் எட்டு மாதக் குழந்தையோ சரியான அழுமூஞ்சி. பெற்றவள் தோளில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் நடந்தாலும் ஓயாது. ஒருநாள் படிக்கட்டில் மாடிக்காரி கையை நீட்டினாள். குழந்தை அவளிடம் போனது... அடங்கிவிட்டது. அதன்பின் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலே கைகாலை உதைத்துச் சிரிக்கும்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. சுமந்தது நான், சிரிப்பு அவளுக்கா?

தெருமுனைக் கடையில் ஒரு பேச்சுதான் போட்டாள். "பொணம் கழுவுற வேலையாம். அந்த வாசனையே சொல்லலையா?"

யாரும் விசாரிக்கவில்லை. கண் காது மூக்கு வைத்துத் தெரு முடித்துவிட்டது. பெற்ற பிள்ளையையே அமுக்கிக் கொன்றவள் என்றார்கள். அவள் படியிறங்கினால் கதவுகள் சாத்திக்கொண்டன.

கடைசியில் மாடிக்காரி பெட்டியோடு வந்து நின்றாள். "நான் போறேம்மா. ஒரே ஒரு தடவ தூக்கிட்டுத் தரட்டுமா?"

அக்கா குழந்தையைத் துண்டால் மூடிக்கொண்டாள். "தொடாதீங்க."

அன்று சாயங்காலமே, அந்த மதில் சாலையில், அவளை லாரி அடித்துப் போட்டது.

மிச்ச சாமானை எடுக்க வந்த ஆஸ்பத்திரி ஆயா அழுதாள். "கொறமாசக் கொழந்தைங்க வார்டும்மா. பதினஞ்சு வருஷம். பெத்தவ எழுந்து வர்ற வரைக்கும் அதுங்கள இவதான் நெஞ்சுல போட்டு வெச்சிருப்பா."

அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஊர்ப் பிள்ளையெல்லாம் போதாதென்று என் பிள்ளையுமா... அப்போதும் அதுதான் தோன்றியது.

செருப்புச் சத்தம் கேட்ட அன்று, மதில் சாலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். மாமியாரிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறையில் தாழ்போட்டாள். அழுதது. விடாமல் அழுதது. சட்டென்று... நின்றது. அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக் கையை நீட்டியது.

"அம்மாவப் பாருடி கண்ணு. அம்மா இங்க இருக்கேன்."

"ம்மா" என்றது குழந்தை. முதல் வார்த்தை. அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

அக்கா இறுக்கிப் பிடித்தாள். பிடி தளரவில்லை, குழந்தையும் கையில்தான் இருந்தது. கனம் மட்டும்... கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. யார் தூக்கினாலும் கனக்கிறாள். பெற்றவள் தூக்கினால் மட்டும்... ஒன்றுமே தெரிவதில்லையாம்.